விருந்தும் வான்கோழியும் மூன்று நாள்

"சத்தம் போடாதே. போயிடு. நல்ல பிள்ளை இல்லையா நீ?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஒரு கையில் குடையும் மறு கையில் தலையணையுமாக வாசலில் நின்று ஷரத்து சார் கெஞ்சிக்கொண்டிருந்தார். கெஞ்சலுக்கு உரிய ஆசாமி காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய சிவப்புச் சதையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பிறகு வாலை விசிறியாக விரித்து, தெருவே கேட்கும்படி 'களகளகள' என்று பதில் சொன்னது.

அது ஒரு வான்கோழி. ஆண். எட்டு கிலோவுக்குக் குறையாது. வாலில் ஒரு இறகு மட்டும் ஒடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மாப்பிள்ளை எழுந்தாச்சா?"

சொல்லாமல் கொள்ளாமல் வந்தது, வந்த நிமிடத்திலிருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பது, ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாதது, கிளம்புகிற உத்தேசமே இல்லாதது ஆகிய லட்சணங்களைப் பார்த்துவிட்டு நேற்று அவள் வைத்த பெயர் அது.

"பேர் வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா? பேர் வெச்சா அது பராமரிப்புன்னு ஆயிடும். ஷரத்து அஞ்சு, உட்பிரிவு ஆ."

"சரி, பேர் வேண்டாம். அவர் எழுந்தாச்சா?"

அவருக்கு ஷரத்து சார் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். சுற்றறிக்கை, விதிமுறை, நடைமுறைக் குறிப்பு என்று எது எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வரும். எழுதியதை யாராவது படித்தார்களா என்றால், அது வேறு விஷயம். அவர் எழுதிய விதிமுறைப் புத்தகம் ஒன்று தட்டச்சர் மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் ஏழு வருடமாகச் சேவை செய்துகொண்டிருந்தது. 

ஆனால் இந்த வருடம் அவருடைய நாள் வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால், ஊர்ப் பூங்காவை அழகுபடுத்துகிறேன் என்று ஒரு கண்காணிப்பாளர் கடல் தாண்டிப் பதினேழு வான்கோழிகளை வரவழைத்திருந்தார். ஒரு புயலில் வேலி விழுந்தது. வேலியைத் திரும்பக் கட்டும் கோப்பு நகர்வதற்குள் வான்கோழிகள் நகர்ந்துவிட்டன. இப்போது அவை ஊரெல்லாம் இருந்தன. தபால்காரரைத் துரத்தின, கூரையில் ஏறின, பளபளப்பான எதைப் பார்த்தாலும் அதில் தெரியும் தம் முகத்தோடு சண்டைக்குப் போயின. ஊரில் பாதிப் பேர் 'ஒழியுங்கள்' என்றார்கள், பாதிப் பேர் 'பாவம்' என்றார்கள். இரண்டு பாதியையும் திருப்திப்படுத்த ஒரு கொள்கை தேவைப்பட்டது.

'வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட உயிரினங்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான மோதல் மேலாண்மைக் கொள்கை.' நாற்பத்தாறு பக்கம். ஒவ்வொரு எழுத்தும் ஷரத்து சாருடையது.

அதில் அவருக்கு மிகவும் பிடித்தது பதினொன்றாம் ஷரத்து. பிடிபட்ட பறவையை எங்கே விடுவது என்பது பற்றியது. எழுதும்போது அவர் மனதில் இருந்தது ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கரைக் காடுதான். ஆனால் 'காடு' என்று எழுதினால் வனத்துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால், 'மக்கள் இணக்கம் அதிகமுள்ள பகுதியில் விடப்பட வேண்டும்' என்று பூசி மெழுகினார். வாக்கியம் கொஞ்சம் லேசாக இருப்பதுபோலத் தோன்றவே, 'பதிவேட்டின் அடிப்படையில்' என்றும் சேர்த்தார். எந்த வாக்கியத்துக்கும் கனம் கொடுக்கும் சொற்கள் அவை. படித்துப் பார்த்த துறை இயக்குநர் அம்மா, "பேஷ்!" என்றார்.

கொள்கை மூன்று மாதச் சோதனையில் இருந்தது. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார். ஆய்வு நல்லபடியாக முடிந்தால் தனிப் பிரிவு, தனி அறை. சாத்திக்கொள்ளக் கதவுள்ள அறை. பிரிவுத் தலைவர்: ஷரத்து சார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்திறங்கியிருந்தார். அதில் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. ஏழாம் ஷரத்து: 'ஒரு வீட்டில் இப்பறவை தொடர்ந்து மூன்று நாட்கள் தங்கினால், அவ்வீட்டார் அதற்கு உணவளித்து வருவதாகவே கருதப்படும். அவர் அரசு ஊழியராயின் பதவி உயர்வுக்குத் தகுதியற்றவர்.' அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு வேகத்தில் அவரே எழுதியது.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க," என்றாள் மனைவி, காபியோடு வெளியே வந்து. "அதையே ஷரத்தா எழுதிட்டீங்க. நேத்து ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு. நாளைக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

"இன்னிக்கே துரத்தறேன் பார்."

குடையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். வான்கோழி சுவரிலிருந்து குதித்தது. குதித்து நேரே எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே பல் டாக்டரின் புதுக் கறுப்புக் கார் நின்றிருந்தது. கார்க் கதவுக்குள்ளிருந்து இன்னொரு வான்கோழி முறைத்தது. அவ்வளவுதான்.

டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். இரண்டு நிமிடம் தேய்க்காமல் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். சொல்கிறபடி நடக்கிறவர். ஆகவே இரண்டு நிமிடமும் தேய்த்துக்கொண்டே, கண்ணில் நீர் தளும்ப, தன் கார் கொத்துப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பிவிட்டுப் பேசினார்.

"வான்கோழிக்கு ஆபீஸ்ல நீங்கதானே சார்? ஒரு புகார் எழுதிக்குங்க."

"இன்னிக்கு ஞாயிறு டாக்டர்."

"அப்ப நாளைக்கு எழுதிக்குங்க."

"டாக்டர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன் தெருவிலேயே வான்கோழின்னு தெரிஞ்சா, பத்தொன்பது வருஷம் காத்திருந்த பதவி போயிடும். பறவைக்கு நான் பொறுப்பு. உங்க கார் மேல இனி ஒரு கீறல் விழாது."

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "சரி. தினம் விடியறதுக்கு முன்னாடி வந்து என் காருக்குப் போர்வை போர்த்திட்டுப் போகணும். அப்புறம் இன்னொண்ணு. நீங்க கெஞ்சும்போது பார்த்தேன், கீழ்வரிசையில கடைசிப் பல் சரியில்ல. கிளினிக்குக்கு வந்துடுங்க."

"பல்லு வலிக்கலையே டாக்டர்?"

"புகார் எழுதிக்கிறீங்களா?"

"எத்தனை மணிக்கு வரணும்?"

வீட்டிலிருந்த இரண்டு இரட்டைப் படுக்கைப் போர்வைகளும் டாக்டரின் காருக்குப் போயின. எதிரி காணாமல் போனதும் வான்கோழி திரும்பி வந்து ஷரத்து சாரின் ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு எதிரியைக் கண்டுபிடித்தது. எல்லா ஜன்னலுக்கும் செய்தித்தாள் ஒட்டினார். மாலைக்குள் இரண்டு வீட்டுத் தரகர்கள் வந்து, "விற்பனைக்கா, வாடகைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. மூன்றாம் நாள்.

ஷரத்து சார் குளியலறைத் துண்டை வான்கோழியின் தலைமேல் போட்டார். இருட்டியதும் அது கப்சிப் என்று அடங்கியது. தூக்கி, வாஷிங்மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் இறக்கி, தன் சின்னக் காரின் பின் இருக்கையில் வைத்து, ஊரின் மறுகோடியில் இருந்த காய்கறிச் சந்தைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல அலுவலகம் போய்ச் சேர்ந்தார். 'தொடர்ந்து' மூன்று நாள் என்பதுதான் ஷரத்து. தொடர்ச்சி அறுந்தது. சட்டம் எழுதியவனைச் சட்டம் என்ன செய்யும்?

பத்து மணிக்குச் சந்தையிலிருந்து போன் வந்தது. முட்டைக்கோஸ் குவியல்மேல் ஒரு வான்கோழி ஏறி உட்கார்ந்துகொண்டு வியாபாரம் செய்ய விடமாட்டேன் என்கிறதாம்.

பிடிவண்டி கிளம்பியது. மூன்று மாதச் சோதனையில் இரண்டரை மாதம் அந்த வண்டியை வாங்குவதிலேயே போயிருந்தது. வலையும் கூண்டும் வைத்த அந்த வண்டிக்குக் குப்பை லாரியிலிருந்து மாற்றலாகி ஒரு ஓட்டுநர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். வந்த முதல் நாளே கொள்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்பத்தாறு பக்கத்தையும் படித்து, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி வண்டியில் வைத்திருந்தார். அந்தக் கோடுகளை ஷரத்து சார் விரலால் தடவிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வாசகர்.

அரை மணியில் ஓட்டுநர் வான்கோழியோடு வந்து நின்றார். "பிடிச்சாச்சு சார். விடற இடம் ஷரத்து பதினொண்ணுல போட்டிருக்கிற மாதிரிதானே?"

"அட்சரம் பிசகாம அப்படியே செய்யுங்க."

"அப்ப அந்தப் புகார்ப் பதிவேட்டைக் கொஞ்சம் குடுங்க சார்." மூலையில் நின்று பத்து நிமிடம் பொறுமையாகப் புரட்டினார். 'பதிவேட்டின் அடிப்படையில்' என்பதைக்கூட விடவில்லை, எவ்வளவு சிரத்தை என்று ஷரத்து சார் உருகிப் போனார். ஏரிக்கரைக் காடு பன்னிரண்டு கிலோமீட்டர். போய்வர ஒரு மணி நேரம் ஆகும். ஓட்டுநர் அதற்கு முன்பே வந்துவிட்டதையும், நன்றாக ஓட்டுகிறார் போலிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார். பிடிப்புப் பதிவேட்டில் முதல் பதிவு விழுந்தது. 'பிடிபட்டது: 1. விடப்பட்ட இடம்: ஷரத்து 11-ன்படி.' அந்த வரியை மூன்று முறை வாசித்தார்.

மாலையில் வீட்டுக்குத் திரும்பினால், காம்பவுண்டுச் சுவர்மேல் ஒடிந்த இறகு.

"மாப்பிள்ளைக்கு நம்ம வீட்டை விட்டா வேற போக்கிடம் இல்லை போல," என்றாள் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளும் அப்போதுதான் வந்திருந்தாள். பகலில் அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

"பன்னிரண்டு கிலோமீட்டர்!" ஷரத்து சார் வான்கோழியின் கால்களைப் பார்த்தார். "நடந்தே வந்திருக்கு!"

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையம். டிக்கெட் கவுண்ட்டர்மேல் ஏறியது, புகார் வந்தது, பிடிபட்டது, சாயங்காலம் வீட்டுச் சுவர்மேல் இருந்தது. புதன்கிழமை நீதிமன்ற வளாகம். ஒரு சாட்சியைத் துரத்தியது. புகார், பிடிப்பு, சுவர். அலுவலகத்தில் பலகை மாட்டி எண்ணிக்கை எழுதத் தொடங்கினார்கள். 'பிடிபட்டவை: 3.' காலுக்கு அடையாள வளையம் மாட்ட வேண்டும் என்று நான்காம் ஷரத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் வளையம் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியை இன்னும் யாரும் திறக்கவில்லை. வளையம் இல்லாத வான்கோழியெல்லாம் புது வான்கோழிதான்.

இயக்குநர் அம்மா போனில் கூப்பிட்டார். "மூணு நாள்ல மூணு! பிரமாதம் பண்றீங்களே!"

பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஷரத்து சார் போனை வைத்தார். ஓட்டுநர் எதிரே வந்தார். "சாப்பாடெல்லாம் நல்லா இருந்துதா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இருந்தது, இருந்தது." என்ன பண்பு!

புதன் மாலைதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டரைத் தினமும் ஒரு பிராணி நடந்து வருகிறதென்றால், இங்கே அப்படி என்ன இருக்கிறது? குனிந்து தேடினார். வாசல் கேட்டுக்கு அருகே நாலைந்து ரொட்டித் துண்டுகள் கிடந்தன.

கையில் துண்டுகளோடு உள்ளே போனார். "இது என்ன?"

"ரொட்டி."

"யார் போட்டது?"

மனைவி நிமிர்ந்தாள். "என்னைக் கேக்கறீங்களா?"

"இந்த வீட்ல ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் போடலை. பேர் வெச்சவளே, சோறும் போட்டியா? என் பதவி உயர்வைவிட ஒரு வான்கோழி உனக்கு உசத்தியாப் போச்சா?"

"நான் சோறு போடறது ஒரே ஒரு பிராணிக்குத்தான். அது பதினாறு வருஷமாப் போட்டுட்டு வரேன். இனிமே அதுக்கும் இல்ல."

"சந்தேகப்படறதுல என்ன தப்பு? கண்ணால பார்த்தேனே!"

"பார்வை சரியில்லைன்னா எங்க கடையில கண்ணாடி இருக்கு. சந்தேகத்துக்குக் கண்ணாடி இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திக்கொள்ளக் கதவுள்ள அறை முதலில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. 'காபி' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துப் பார்த்தார். பக்கத்தில் 'ஷரத்து 7' என்று எழுதித் திருப்பி வைத்திருந்தாள்.

வியாழனும் வெள்ளியும் புகார், பிடிப்பு, சுவர் என்றே போயின. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாப்பிள்ளை வீட்டோடு இருந்தார். அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த ஜீவன் அது ஒன்றுதான். ஞாயிறு ராத்திரி மூலைவீட்டு வக்கீலம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்ததை ஷரத்து சார் கவனித்தார். புகார் வரப்போகிறது என்று நினைத்தார். நினைத்தது சரிதான். திங்கள் காலை அலுவலகப் போன் அடித்தது.

"எங்க தெருவில ஒரு வான்கோழி சுத்துது. புகார் பதிவு பண்ணணும்," என்றது வக்கீலம்மாவின் குரல்.

ஷரத்து சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றினார். "பதிவு பண்ணியாச்சும்மா. உடனே நடவடிக்கை எடுக்கறோம்."

"புகார் எண்?"

"அது… கம்ப்யூட்டர் படுத்துடுச்சும்மா."

பதிவேட்டை மூடி மேலே கையை வைத்துக்கொண்டார். ஊரின் அறுபத்துநான்கு தெருக்களில் அறுபத்துமூன்றின் பெயரும் அதில் இருந்தன. தன் தெருவின் பெயர் ஒரு பக்கத்திலும் வராமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் நாலே நாள். வெள்ளிக்கிழமை ஆய்வு முடிந்தால் போதும்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. திங்கள்கிழமை மீன் சந்தை. செவ்வாய்க்கிழமை இன்னும் தள்ளிப்போய்க் கல்லறைத் தோட்டம், செத்தவர்களாவது புகார் கொடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்தார்கள். புதன்கிழமை தீயணைப்பு நிலையம். அதே புதன் மாலை பல் டாக்டர் போர்வை ஒரு பக்கம் விலகியிருந்ததாகச் சொல்லி அவருடைய கடைசிப் பல்லைப் பிடுங்கினார். வியாழன் அன்று வலது கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. வீட்டில் சாப்பாடு இல்லை, வெளியில் சாப்பிட வாய் திறக்கவில்லை.

ஓட்டுநர் அந்தக் கன்னத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "சாப்பாடு பலமோ சார்?"

"ம்," என்றார் ஷரத்து சார். அன்றைய பிடிப்போடு பலகையில் எண்ணிக்கை ஒன்பது.

வெள்ளிக்கிழமை காலையில் அவரை யாரும் எழுப்பவில்லை. பதினாறு வருடமாக அவருக்கு அலாரமாக இருந்தவள் பேசாத விரதத்தில் இருந்தாள், அன்று கடைக்கும் விடுப்பு. கண் விழித்தபோது மணி எட்டே முக்கால். துண்டைப் போட்டு வான்கோழியைப் பெட்டியில் அடைத்து, எங்கும் விட நேரமில்லாமல் நேரே அலுவலகத்துக்கு ஓட்டினார். மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். மூச்சு முட்டுமே என்று கார் ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு இறங்கினார். என்ன இருந்தாலும் பழகிவிட்டது.

சரியாகப் பத்து மணிக்கு இயக்குநர் அம்மாவின் கார் வந்து பக்கத்தில் நின்றது. வெள்ளி நிறம். முகம் பார்க்கலாம்.

இயக்குநர் பூங்கொத்தை வாங்கிக்கொண்டிருந்தபோது அட்டைப்பெட்டி கிழிகிற சத்தம் கேட்டது. பாதி இறங்கிய ஜன்னல் வழியாக முதலில் ஒரு சிவப்புக் கழுத்து, பிறகு ஒரு ஒடிந்த இறகு, பிறகு எட்டு கிலோவும் வெளியே வந்து வெள்ளிக் காரின்மேல் போர் தொடுத்தது. எல்லோரும் பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஐயோ, என் கார்!"

இயக்குநர் கத்தி முடிப்பதற்குள் ஓட்டுநர் வலையை வீசியிருந்தார். நாற்பது விநாடி. ஒரு இறகு உதிரவில்லை. வான்கோழி கூண்டுக்குள் தானாகவே நடந்து போய்த் தன் வழக்கமான மூலையில் உட்கார்ந்துகொண்டது.

இயக்குநர் கைதட்டினார். அலுவலகமே கைதட்டியது.

"கண்ணு முன்னாடியே செயல்விளக்கமா? அடடா! பத்தாவது, இல்லையா? பத்து நாள்ல பத்து! உங்க கொள்கையை மாநிலம் பூரா அமல்படுத்தலாம் போலிருக்கே. தனிப் பிரிவு உறுதின்னு வெச்சுக்குங்க."

ஷரத்து சார் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். தப்பித்தாகிவிட்டது! வீட்டில் இப்போது பறவை இல்லை, தெருப் பெயரில் புகார் இல்லை, கன்னம்கூட வலிக்கவில்லை. முதலில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் அவள் பேசமாட்டாள் என்பது ஞாபகம் வந்தது. கதவுள்ள அறை கிடைத்த செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் போனது அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

"இதை எங்க கொண்டுபோய் விடுவீங்க?" என்றார் இயக்குநர்.

"பதினொன்றாம் ஷரத்தின்படி, மேடம்," என்றார் ஷரத்து சாரும் ஓட்டுநரும் ஒரே குரலில்.

"எனக்குப் பிடிச்ச ஷரத்தாச்சே! வாங்க, நானும் வரேன். பார்த்துட்டே போறேன்."

பிடிவண்டியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏரிக்கரைக் காட்டின் அழகைப் பற்றி ஷரத்து சார் வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டே வந்தார். ஏரிக்கு நாற்சந்தியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி இடது பக்கம் திரும்பியது.

"குறுக்கு வழியா?" என்றார்.

"நேர்வழி சார்," என்றார் ஓட்டுநர்.

மருந்துக்கடை வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. வக்கீலம்மாவின் மூலைவீடு வந்தது. வர்ணனை நடுவிலேயே நின்றுபோனது. போர்வை போர்த்திய கார் ஒன்றைத் தாண்டி, ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டிய வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது.

ஓட்டுநர் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து நாலைந்து ரொட்டித் துண்டுகளை எடுத்து கேட்டுக்கு அருகே போட்டார். "இறக்கினதும் ஓடிடாம இருக்கணும்ல மேடம், அதுக்குத்தான்." கூண்டைத் திறந்தார். மாப்பிள்ளை நிதானமாக இறங்கி, ரொட்டியைத் தின்று, சுவர்மேல் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"போட்டது யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?" ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"மன்னிச்சுடும்மா," என்றார் ஷரத்து சார். பதவி போனது போகட்டும், இவள் பேசிவிட்டாளே என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது.

"இது யார் வீடு?" இயக்குநரின் குரல் மாறியிருந்தது.

"நம்ம சார் வீடுதாங்க மேடம்," என்றார் ஓட்டுநர். பிளாஸ்டிக் உறை போட்ட கொள்கையைப் பிரித்துச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். "பதிவேட்டின் அடிப்படையில், மக்கள் இணக்கம் அதிகமுள்ள பகுதி. அறுபத்துநாலு தெருவில ஒரு புகார்கூட இல்லாதது இந்த ஒரு தெருதான். அதுலயும் வேற வீட்டு வாசல்ல இறக்கினா கேள்வி கேப்பாங்க, எழுதினவர் வீட்ல கேக்கமாட்டாங்க பாருங்க. பத்தையும் இங்கதான் விட்டிருக்கேன்."

இயக்குநர் சுவரைப் பார்த்தார். சுவர்மேல் ஒரே ஒரு வான்கோழி இருந்தது. "பத்துன்னா, மிச்சம் ஒன்பது எங்கே?"

ஓட்டுநர் ஷரத்து சாரின் வீங்கிய கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தினம் ஒண்ணு கொண்டுவந்து விடறேன், மறுநாள் வந்து பார்த்தா ஒரு எலும்புகூட மிச்சம் இருக்காது மேடம்… அதான் நானும் தினமும் மறக்காம, சாப்பாடெல்லாம் நல்லா இருந்துதா சார்னு கேட்டுக்கறேன்."